வெறுங்கம்பிச் சத்தம்

கல்யாணம் முடித்து இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்த நாளிலிருந்தே அற்புதமலருக்குத் தன் கணவனோடு சேர்ந்திருக்கக் கிடைத்தவை பின்னேரங்கள் மட்டும்தான். றொனி ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு மீன் ரெஸ்ரோறன்ரின் பொரியல் அடுப்பில் நின்றான். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் பழைய ஸ்கூட்டரில் கபோச் சந்தையடியில் இருந்த வீட்டுக்கு வருவான். வெயில் தாழ, இரவுக் கூட்டத்துக்குத் திரும்பிப் போய்விடுவான். அவன் வேலை முடிந்து வரும்போது அவள் நித்திரை. அவள் விடிய எழும்பிப் போகும்போது அவன் நித்திரை.

அவளுக்கு வேலை சினியோரா அகத்தா வீட்டில். தொண்ணூறை நெருங்கிய விதவை. குளிப்பாட்டி, சாப்பாடும் மருந்தும் கொடுத்து, மத்தியான உறக்கத்துக்குப் படுக்கவைத்துவிட்டு மலர் வீடு திரும்புவாள். ‘அற்புதமலர்’ என்பது கிழவியின் வாயில் நுழையவில்லை. பெயருக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே கேட்டு, அன்றிலிருந்து ‘ஃபியோரே’ என்றே கூப்பிட்டாள். பூ என்று.

பிள்ளை இல்லை. ஒரு காலத்தில் அதைப் பற்றிக் கதைத்தார்கள், டாக்டர்மாரிடம் போனார்கள், மொந்தே பெலெக்ரீனோ மலைக்கு வெறுங்காலோடு ஏறி நேர்த்தி வைத்தார்கள். பிறகு கதைப்பதை விட்டுவிட்டார்கள். ஆகவே வீட்டில் பின்னேரம் என்றால் இவர்கள் இருவரும், றொனியின் கிற்றாரும்தான்.

யாழ்ப்பாணத்துக் குருநகரில் இளந்தாரியாக இருந்தபோது றொனி ஒரு பாட்டுக்குழுவில் மின்கிற்றார் வாசித்தவன். பலெர்மோவில் அவன் தனக்கென்று வாங்கிய முதல் பெரிய சாமான்கள் ஒரு கறுத்தக் கிற்றாரும், அதன் சத்தத்தைப் பெருப்பித்து வெளியே விடும் அம்ப் பெட்டியும். அம்ப்பைப் போட்ட முதல் கிழமையே கீழ் வீட்டுக்காரி தும்புத்தடிக் கட்டையால் தன் வீட்டு முகட்டை இடித்தாள். அடுத்த கிழமை படியேறி வந்தாள். சுவரிலிருந்து விழுந்து கண்ணாடி வெடித்த தன் தாயின் படத்தைக் கையோடு கொண்டுவந்து, “இவள் செத்தும் இவளுக்கு நிம்மதி இல்லை” என்று வாசலில் நின்று சத்தம் போட்டாள். றொனி பேசாமல் அம்ப்பை விற்றுவிட்டான்.

அதன் பிறகுதான் கணினி வந்தது. கிற்றாரிலிருந்து ஒரு வயர் சின்னச் சிவப்புப் பெட்டி ஒன்றுக்குள் போகும், அங்கிருந்து கணினிக்குள். திரையில் அம்ப்புகள் படமாக நிற்கும், அச்சு அசல் போல, குமிழ்களோடு. எந்த அம்ப் வேண்டுமோ அதை எடுக்கலாம். முன்னால், சத்தத்தின் தன்மையை மாற்றும் எபெக்ட் பெட்டிகளை வரிசையாக அடுக்கலாம். ஸ்பீக்கருக்கு முன் ஒரு மைக்கின் படம் இருக்கும். அதை மௌஸால் பிடித்துக் கிட்ட இழுத்தால் சத்தம் ஒரு மாதிரி, தூரத் தள்ளினால் இன்னொரு மாதிரி. வீடு கொள்ளாத சாமானெல்லாம் அந்தத் திரைக்குள் இருந்தது. அத்தனையும் கேட்பது ஹெட்போனுக்குள் மட்டும்.

வெளியே கேட்பது வேறு. அம்ப் இல்லாத மின்கிற்றாருக்கு உடம்பில் சத்தம் கிடையாது. நகத்தால் முள்கம்பியைச் சுரண்டுவது போல ‘டிக், டிக், டிங்’ என்று ஒரு நோஞ்சான் சத்தம். குசினியில் நிற்கும் மலருக்குக் கேட்டது அதுதான், வருடக்கணக்காக. தேத்தண்ணியோடு அறைக்குள் போனால் அவன் கண்ணை மூடிக்கொண்டு, முகமெல்லாம் மலர்ந்து, எங்கேயோ இருப்பான். கோப்பையை வைத்துவிட்டு வருவாள்.

ஆரம்பத்தில் அவன் கூப்பிட்டிருக்கிறான். “மலர், ஒருக்கா வந்து இதைக் காதில போட்டுப் பாருமன்.” கை முழுக்க மாவாக இருக்கும், அல்லது மீன் செதிலாக இருக்கும். “பிறகு” என்பாள். பிறகு அவனும் கூப்பிடுவதை விட்டுவிட்டான். தன்னைவிட அந்த மெஷின்தான் அவனுக்குப் பெரிது என்று அவளுக்கு ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

ரெஸ்ரோறன்ரின் முதலாளி வயதாகி ஒதுங்க, மகன்மார் அதைப் பச்சை மீனும் வைனும் பரிமாறும் இடமாக மாற்றினார்கள். பொரியல் அடுப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. றொனியின் பெரியம்மா மகன் கிறிகோரி ஜேர்மனியில் இருந்தான். அங்கே ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆள் தேவை என்றான். இத்தாலியக் குடியுரிமை இருந்ததால் போவதில் சிக்கல் இல்லை. “முதல்ல நான் போறன். வீடு ஒண்டு பிடிச்சவுடன நீரும் வாரும்” என்றான் றொனி. பொங்கல் கழிந்த கையோடு போய்விட்டான். கிற்றாரைத் தோளில் கொண்டுபோனான். கணினியும் சிவப்புப் பெட்டியும் இங்கே நின்றன.

வீடு அப்படி அமைதியாகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. சந்தைக்காரர் கூவுவது, கோப்பிக் கடையில் கோப்பைகள் மோதுவது, எல்லாம் கேட்டன. அறைக்குள்ளிருந்து வர வேண்டியது மட்டும் வரவில்லை. வெங்காயம் உரிக்கும்போது கை தானாக நின்றுவிடும். எதற்கு நின்றது என்று யோசிப்பாள். அந்த நோஞ்சான் சத்தத்துக்காகக் காது காத்திருக்கிறது என்று விளங்கியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருக்கும்போது எரிச்சல் பட்ட சத்தம் அது.

அவன் ரெலிபோன் எடுப்பான். சாப்பிட்டீரோ, குளிர் எப்படி, சினியோரா சுகமோ. கதை அதோடு முடிந்துவிடும். கிறிகோரிக்கு இரவு வேலை. பகலில், இருவரும் சேர்ந்திருந்த ஒற்றை அறையில் படுப்பான். றொனிக்குக் குரல் உயர்த்திக் கதைக்கவும் இடமில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, கணினியில் படிந்திருந்த தூசியைத் துடைக்கப் போனவள் அதைப் போட்டுப் பார்த்தாள். திரையில் அவன் கடைசியாகத் திறந்து வைத்திருந்தது அப்படியே வந்தது. மேலே ஒரு அம்ப்பின் படம். கீழே நீளமாக ஒரு பச்சைக் கோடு, மேடும் பள்ளமுமாக. ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அவன் தலைக்கு இழுத்துவிட்டது. அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முக்கோணக் குறியில் அழுத்தினாள்.

தலைக்குள்ளேயே ஒரு சத்தம் எழுந்தது. அது கிற்றார் என்று முதலில் பிடிபடவில்லை. பெரிய மண்டபத்தின் அந்தத் தலையில் யாரோ நின்று வாயைத் திறக்காமல் பாடுவது போல இருந்தது. ஒரு சுரம் எழுந்து, தடித்து, ஓரம் கிழிந்து, அடங்க மனமில்லாமல் அடங்கியது. அடங்குமுன் அடுத்தது எழுந்தது. ஓரிடத்தில் அவன் கம்பியை மேலே தள்ளியிருக்க வேண்டும். சுரம் அழுதுகொண்டே ஏறி, ஏற வேண்டிய இடத்தைத் தொட்டு நின்று நடுங்கியது. மலர் மௌஸைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள்.

முடிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது கோபம். இத்தனை வருடமாக இந்த மனிதன் இவ்வளவு பெரிய சத்தத்துக்குள்ளேயா இருந்தான், நான் அடுத்த அறையில் நிற்க?

உடனே அழைத்தாள்.

“என்னப்பா இந்த நேரத்தில? ஏதும் பிரச்சினையே?”

“உங்கட கொம்பியூட்டரைப் போட்டுக் கேட்டனான்.”

அங்கே பாத்திரச் சத்தம். பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது. “எதைக் கேட்டனீர்?”

“தெரியாது. பச்சைக் கோடு. ஏன் நீங்கள் எனக்கு இதைக் காட்டேல்லை?”

“காட்டேல்லையோ? எத்தினை தரம் கூப்பிட்டனான் மலர். நீர்தானே பிறகு பிறகு எண்டனீர்.”

“இன்னும் ரெண்டு தரம் கூப்பிட்டிருக்கலாம்” என்றாள்.

அடுத்த நாளும் கேட்டாள். அவன் குரலோ, இருமலோ, கதிரை கிறீச்சிடுவதோ எங்காவது அகப்படுமா என்று தேடினாள். ஒன்றுமில்லை. அந்த வயர் கம்பியின் அசைவை மட்டும்தான் எடுக்கும், அறையை எடுக்காது என்று அவளுக்கு அப்போது தெரியாது. அப்படித் தேடிக்கொண்டிருக்கும்போதுதான், அம்ப் படத்தின் மூலையில் எரிந்த ஒரு சின்னப் பொட்டைத் தெரியாமல் அழுத்திவிட்டாள். பெரிய சத்தம் பட்டென்று போயிற்று. மிஞ்சியது, டிக், டிக், டிங்.

அதே சத்தம். கொஞ்சம் கிட்ட வந்தது போல, ஆனால் அதேதான். அவள் குசினியில் நின்று கேட்ட அத்தனை பின்னேரங்களும் திரும்பி வந்து காதுக்குள் இருந்தன. மலர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய சத்தம் அவனுடையது. அது அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். இது அவளுடையது.

எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து அன்றைக்கே அவனிடம் சொன்னாள். அவன் சிரித்தான்.

“ஒண்டும் கெடேல்லை. நான் வாசிக்கிறது வெறுங்கம்பிச் சத்தமாத்தான் பதிவாகும். அம்ப், எபெக்ட் எல்லாம் மேல போடுற உடுப்பு. கழட்டலாம், வேற போடலாம். நீர் கழட்டிப் போட்டீர், அவ்வளவுதான்.”

“அப்ப இதுக்கு நான் வேற உடுப்புப் போடலாமோ?”

“போட்டுப் பாருமன்.”

அப்படித்தான் அது தொடங்கியது. றொனியின் போன் பழையது. அதில் அம்ப் மென்பொருளைப் போட்டால் சத்தம் விக்கி விக்கி வந்தது. ஆனால் சின்ன அடாப்டர் ஒன்றை மாட்டி வெறும் சத்தத்தைப் பதியலாம். கிறிகோரி போர்வைக்குள் குறட்டை விட, கட்டிலின் விளிம்பில் இருந்து வாசித்து அவளுக்கு அனுப்பினான். அவள் அதைக் கணினியில் இழுத்துப் போட்டு, அம்ப் தேர்ந்து, குமிழ் திருப்பி, மைக்கை நகர்த்தி, எதிரொலிக்கு ஒரு மண்டபம் பிடித்துத் திருப்பி அனுப்புவாள். முதலில் அனுப்பியது கிணற்றுக்குள் விழுந்த தகரம் போல இருந்தது என்றான். இரண்டாவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவதற்கு, “நீர் எந்த அம்ப்பைப் போட்டனீர்?” என்று கேட்டான்.

“கிறீம் நிறத்தில ஒண்டு. வடிவாயிருந்தது.”

“நிறத்தைப் பாத்தோ எடுத்தனீர்?”

“சீலை எடுக்கேக்க வேற எதைப் பாக்கிறது?”

இப்போது அவர்களுடைய கதை நீண்டது. அவனுக்கு இன்னும் கொஞ்சம் கரகரப்பு வேண்டும். அவளுக்கு அது பிடிக்காது. “மனிசன் வாசிக்கிறது கேக்க வேணும். லொறி போறதில்லை” என்பாள். அவன் விட்டுக்கொடுக்க மாட்டான். சண்டை பிடித்துவிட்டு, மறுநாள் அவள் கரகரப்பில் அரைவாசி கூட்டி அனுப்புவாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இவ்வளவு கதைத்ததில்லை. ரெலிபோனை வைத்த பிறகு வீடு முன்னையைவிட வெறுமையாக இருக்கும். அவனை இவ்வளவு கிட்டத்தில் அறிந்த பிறகு அவன் இல்லாதது இன்னும் கூடத் தெரிந்தது. அவள் சில நாட்களில் எல்லா உடுப்பையும் கழற்றிவிட்டு வெறுஞ் சத்தத்தை மட்டும் போட்டுவிட்டுச் சமைப்பாள். ஹெட்போன் மேசையில் கிடக்கும். அதிலிருந்து கசிவது குசினி வரை வரும். இதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

“புருஷன் எப்படி?” என்று சினியோரா தினமும் கேட்பாள். “குளிர் நாட்டுக்குப் போன ஆம்பிளை தடித்துத்தான் திரும்பி வருவான், நீ பார்” என்று தினமும் அதையே சொல்லுவாள்.

மார்ச்சில் இரண்டு கிழமை ஒன்றும் வரவில்லை. வேலை கூட என்றான். பிறகு ஒன்று வந்தது. மலர் வழக்கம்போல முதலில் உடுப்பில்லாமல் கேட்டாள். அவள் அறிந்த மெட்டுத்தான். ஆனால் கம்பியைத் தள்ளி அழவைக்கும் இடம் வந்ததும் வாசிப்பு அங்கே போகாமல் பக்கத்தால் விலகிப் போயிற்று. அடுத்த சுற்றிலும் விலகியது. இன்னொரு இடத்தில் கம்பி சரியாக அழுந்தாமல் ‘ஸ்ஸ்’ என்றது. பெரிய சத்தத்துக்குள் இதெல்லாம் தெரிந்திருக்காது. திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“உங்கட விரலுக்கு என்ன?” என்றாள், அவன் ஹலோ சொல்வதற்கு முன்பே.

“எந்த விரல்?”

“எனக்கு எப்பிடித் தெரியும் எந்த விரலெண்டு? நீங்கள் அந்த இடத்துக்குப் போறேல்லை. சுத்திப் போறியள்.”

“சும்மா மாத்தி வாசிச்சனான்.”

“றொனி.” அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் அல்ல.

“இறைச்சி சீவுற மெஷின்” என்றான் கடைசியில். “இடக்கை மோதிர விரல். நுனி போயிட்டுது. கொஞ்சம்தான், மலர். ஆஸ்பத்திரியில தைச்சு விட்டவங்கள்.”

“எப்ப?”

“மாதத் துவக்கத்தில.”

“கலியாண மோதிர விரலோ?”

“அது வலக்கையில எல்லோ போட்டிருக்கிறன்” என்றான். மோதிரம் கம்பியில் தட்டுகிறது என்று கல்யாணமான முதல் வருடமே மாற்றிப் போட்டிருந்தான். அவளுக்கு அது நினைவில்லை. ரெலிபோனைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள். “இனி எனக்கு ஒண்டையும் ஒளியாதேங்கோ” என்று மட்டும் சொன்னாள்.

ஈஸ்டருக்கு அவன் வந்தான். விமான நிலையத்தில், ஆட்கள் இடித்துப் போய்க்கொண்டிருக்க, அவள் முதலில் அவன் இடக்கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். விரல் கொஞ்சம் குட்டையாகி, நுனியில் தோல் பளபளவென்று சிவந்திருந்தது. நகம் அரைவாசி. அதைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவன் மெலிந்திருந்தான், சினியோரா சொன்னது பிழையாகிவிட்டது.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் பலெர்மோவில் யாரும் வீட்டில் இருப்பதில்லை. இவர்களும் ஸ்கூட்டரில் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்குப் போனார்கள். கடற்கரை முழுக்க இறைச்சி சுடும் புகை. றொனி நின்ற ரெஸ்ரோறன்ருக்கு வெள்ளை அடித்து, புதுப் பெயர் போட்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படகுகள் கட்டியிருக்கும் இடத்தில் மதிலில் இருந்தார்கள். அவன் போனை எடுத்துப் படங்கள் காட்டினான்.

“வீடு ஒண்டு பாத்தனான். ரெண்டு அறை. கீழை தையல் கடை, பின்னேரத்தோட பூட்டிப்போடுவாங்கள். வீட்டுக்காரன் நல்ல மனிசன். இந்தக் கிழமை சொல்லவேணும்.”

மலர் விரலால் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள். வெறும் அறை. வெறும் சுவர். குசினி ஜன்னலுக்கு வெளியே இலை இல்லாத ஒரு மரம். அந்த ஜன்னலடியில் தான் நிற்பதை அவளால் சுலபமாக நினைத்துப் பார்க்க முடிந்தது. அவன் உள்ளே இருப்பதையும்.

“வடிவான வீடு” என்றாள்.

“அப்ப ஓமெண்டு சொல்லட்டோ?”

அவள் போனை அவன் கையில் கொடுத்தாள். “சினியோராவை என்ன செய்யிறது?”

“வேற ஆள் வருவினம்.”

“சினியோராவின்ர மகள் வேற ரெண்டு பேரை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவ, நான் காய்ச்சலாக் கிடக்கேக்க. மனிசி ஒருத்தரிட்டையும் சாப்பிடேல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தது. நான் விட்டிட்டு வந்தால் அது சாப்பிடாமலே போயிடும். எனக்குத் தெரியும்.”

“அப்ப எவ்வளவு காலம்?”

“அதைத்தான் என்னால நினைக்க ஏலாமல் இருக்கு. நான் உங்களிட்டை வரவேணுமெண்டு நினைச்சால், அந்த மனிசி சாகவேணுமெண்டு நினைக்கிற மாதிரி எல்லோ?”

பக்கத்தில் ஒரு குடும்பம் தட்டு நிறையச் சுட்ட கூனைப்பூ மொட்டுகளைக் கொண்டுவந்து நீட்டியது. இவர்கள் எடுத்துக்கொண்டு நன்றி சொன்னார்கள்.

“அப்ப அந்த வீட்டை விடுறன்” என்றான்.

“விடாதேங்கோ.”

“வேணுமோ, வேண்டாமோ, மலர்?”

“வேணும். இப்ப ஏலாது.”

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். புகை கண்ணில் பட்டது. இருட்டுமுன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வழி முழுக்க அவள் அவன் முதுகில் முகத்தை வைத்திருந்தாள்.

புதன்கிழமை விமான நிலைய பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டு நேரே சினியோரா வீட்டுக்குப் போனாள். கிழவி கட்டிலில் நிமிர்ந்திருந்து அவள் முகத்தைப் பார்த்தாள். “அழுகிறதென்றால் இங்கேயே அழு, ஃபியோரே. எனக்கு எப்படியும் பாதி கேட்காது.” மலர் அழவில்லை. பாஸ்தாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்த வீட்டை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். றொனி ஓகஸ்டில் வந்தான்; டிசம்பரில் நத்தாருக்கு வருவான். அவனால் இனி அந்தக் கம்பியைத் தள்ளி அழவைக்க முடியாது. கண்ணாடிக் குழல் ஒன்றைச் சின்ன விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். பாதி சுரங்கள் இன்னும் இடம் தவறி விழுகின்றன. “இது சரிவரேல்லை, அழிச்சுவிடும்” என்று எழுதியே அனுப்புகிறான். அவள் அழிப்பதில்லை.

சினியோரா அகத்தாவுக்கு ஒக்டோபரில் தொண்ணூறு முடிந்தது. மகளும் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். கேக்கை மலர்தான் வெட்டி, சின்னச் சின்னத் துண்டாகக் கிழவிக்கு ஊட்டினாள். எல்லோரும் கிளாசை உயர்த்தி, “சென்தான்னி!” என்று வாழ்த்தினார்கள், நூறு வருடம் இரு என்று. மலரும் சொன்னாள். வாயால் மட்டுமல்ல, மனதாரத்தான் சொன்னாள். பிறகு வெற்றுத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு, கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.